பீப்பி பாய் கேட்ட ஜப்பான் பாட்டு

வீடியோ கேம் கடைக்குத் தினமும் வந்து, ஒரு நாள்கூட விளையாடாமல், கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு எழுந்து போன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தர்மபுரியில் இருந்தார். பெயர் பீப்பி பாய். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதாவது இருந்திருக்கும். தபால்காரரே தெருமுனையில் நின்று, "பீப்பி பாய் வூடு எதுங்க?" என்றுதான் விசாரிப்பார்.

கல்யாண ஊர்வலங்களுக்கு வாசிக்கும் பேண்டு செட் ஒன்று அவருடையது. ஊர் பீப்பி என்று சொல்லும் கிளாரினெட் அவர் வாயில் இருக்கும், மற்ற ஆறு பேர் பின்னால் வருவார்கள். சிவப்புச் சட்டை, தோளில் தங்கக் கலர் குஞ்சம். ஊர்வலம் இல்லாத நாளிலும் அதே சட்டைதான். அதே குஞ்சத்தோடு கறிவேப்பிலை வாங்கப் போவார்.

எண்பதுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கேம் கடையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கேம் என்பது கைக்குள் அடங்காது. பீரோ மாதிரி ஒரு பெட்டி நிற்கும். காசு போட்டால் அதற்கு உயிர் வரும். எங்களிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஜப்பான் பெட்டியில் ஒரு குட்டிப் பையன் முதுகில் மூட்டையோடு பாலம் பாலமாகத் தாவிப் போவான். அமெரிக்கப் பெட்டியில் டாங்கி சுடும்.

பாய் முதல் நாள் வந்தது சில்லறை கேட்டுத்தான். அந்த நேரத்தில் ஜப்பான் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. சில்லறையை மறந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, உள்ள எத்தினி பேரு வாசிக்கறாங்க?"

"ஆளெல்லாம் இல்லீங்க பாய். மிஷினு."

"மிஷினு சரிப்பா, எத்தினி பேரு?" கண்ணை மூடிக்கொண்டார். "மூணு பேரு. ஒருத்தன் பாடறான், ஒருத்தன் கீழயே நடந்து வர்றான், ஒருத்தன் தட்டறான். நான் ஆறு பேரக் கட்டி மேய்க்கறேன். இவன் மூணு பேர வெச்சுக்கிட்டு ஊரையே தூக்கறான் பாரு."

அன்றிலிருந்து மாலை ஆனால் வந்துவிடுவார். பையன்களுக்குக் காசு கொடுத்து ஆடச் சொல்வார், தான் கேட்பார். அவர்களுக்குக் கொண்டாட்டம். ஒரே கஷ்டம், மூட்டைப் பையன் ஆற்றில் விழுந்தால் பாட்டும் நின்றுவிடும். பாய்க்கு அது தாங்காது. "பாத்துத் தாவு கண்ணு. நல்ல எடத்துல கொண்டாந்து தள்ளி விட்டுட்டியே" என்று, சொந்தப் பேரனே விழுந்த மாதிரி தலையில் கை வைத்துக்கொள்வார்.

இரண்டு பெட்டிகளையும் ஒப்பிட்டு அவர் பேச ஆரம்பித்தால் கடையில் ஆட்டம் நின்றுவிடும்.

"ஜப்பான்காரன் ஊர்வலத்துக்கு வாசிக்கறவன் தம்பி. பொண்ணு வூடு எப்ப வரும்னு அவனுக்குத் தெரியாது. அதனால பாட்டோட வாலக் கொண்டாந்து தலையில தைச்சுட்டான். தையலு எங்க இருக்குன்னு தேடிப் பாரு, தெரியாது. சுத்திச் சுத்தி வரும், சலிக்காது."

"அப்ப அமெரிக்காக்காரன்?"

"அவன் வந்த ஒடனே ஒரு பாட்டு வாசிப்பான். அதோட சரி. அப்பறம் குண்டு வுழுந்தா டொம்மு. செவுரு இடிஞ்சா தடாலு. மத்த நேரம் வாயே தொறக்க மாட்டான், உம்முனு இருப்பான். விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி."

ஆனால் பாய் நியாயஸ்தர். ஒருவனைத் தள்ளிவிடுவதற்கு முன்னால் அவன் வழியிலும் நடந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தார். நல்லம்பள்ளியில் ஒரு காதுகுத்து ஊர்வலத்தை அதற்குத் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு. புறப்படும்போது ஒரு பாட்டு. பிறகு ஏழு பேரும் வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள். தாய்மாமன் செருப்பு அறுந்தது, ஜால்ரா 'ஜிங்'. குழந்தை அழுதது, டிரம்பெட் 'பாம்'. பெரியவர் ஒருவர் சாணியில் வழுக்கி உட்கார்ந்தார், பெரிய டிரம் 'டொம்'.

காதுகுத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். "ஏனுங்க பாய், நாங்க பேண்டு வெச்சமா, வேவு பாக்க ஆளு வெச்சமா?"

அந்தப் பக்கத்தில் யாரும் பாயைக் கூப்பிடாமல் போனார்கள். சிவப்புச் சட்டை பல நாட்களுக்குக் கறிவேப்பிலை வாங்க மட்டுமே வெளியே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் அதியமான்கோட்டை. பெண்ணுக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். கேம் கடைக்காரனுக்குப் பெண் கொடுப்பதே அவருக்குப் பிடிக்கவில்லை. பேண்டுக்குப் பாயைத்தான் நான் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்ததும் நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

"சாணியில வுழுந்தவனுக்கு மோளம் அடிச்ச ஆளுதானுங்களே அது?"

"இல்லீங்க மாமா, நல்லா வாசிப்பாருங்க."

"வாசிக்கட்டும். ஆனா முகூர்த்தம் தப்புனா பொண்ணக் கூட்டிக்கிட்டு வூட்டுக்குப் போயிருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

கல்யாணத்தன்று விடியற்காலையில் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம். நான் மாலையோடு அம்பாசிடர் காரில் இருக்கிறேன். கார் நகரவில்லை. முன்னால் எங்கள் கடைப் பையன்கள் ஆடுகிறார்கள். அவர்களுக்கு நடுவே என் பெரியப்பா துண்டைச் சுழற்றிக்கொண்டு, "இன்னொருக்கா அதையே வாசிங்க பாய்" என்கிறார். வாசலுக்கு வாசல் ஆரத்தி வேறு. தூரத்தில் மண்டபத்து வாசலில் மாமன் வாட்சைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக நிற்கிறார். எனக்கு மாலைக்குள் வேர்த்துக் கொட்டியது.

பேண்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர்களைப் போகச் சொல்லக் கூடாது, மண்டபம் வரும்வரை வாசிப்பை நிறுத்தவும் கூடாது. பாய் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கிளாரினெட்டைத் துடைத்தார். ஜப்பான் பாட்டை எடுத்தார்.

முதல் சுற்று வழக்கமான நடை. பெரியப்பாவுக்கு அதுவும் பிடித்துப்போய் இடுப்பை ஆட்டினார். இரண்டாவது சுற்று கொஞ்சம் முடுக்கம். மூன்றாவது சுற்றில் விரட்ட ஆரம்பித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஜப்பான் பெட்டியில் நேரம் முடியப் போகிறது என்றால் பாட்டு வேகமாகிவிடும். அப்போது மூட்டைப் பையனை ஓட்டாமல் விட்டால் ஆட்டம் போச்சு. எங்கள் கடைப் பையன்களுக்கு அது ரத்தத்திலேயே ஊறிய விஷயம். பாட்டு முடுக்கியதும் ஆடிக்கொண்டிருந்தவன் ஒருவன் அப்படியே நின்றான்.

"டேய், டைம் முடியுதுடா."

அவ்வளவுதான். எல்லாரும் ஓட ஆரம்பித்தார்கள். ஏன் ஓடுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. அவர்கள் ஓடியதும் சீர்த்தட்டு வைத்திருந்த அத்தைகள், ஏதோ ஆபத்து என்று வாழைப்பழத்தை அணைத்துக்கொண்டு ஓடினார்கள். டிரைவர் இரண்டாவது கியருக்கு மாறினார். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குறுக்கே இருந்த சாக்கடையை அந்த மூட்டைப் பையன் மாதிரியே தாவினார். அவர் முதுகில் மூட்டை இல்லாததுதான் குறை. பேண்டு செட் ஓடிக்கொண்டே வாசித்தது, ஒரு தையல் பிரியவில்லை.

மாமன் வாசலைவிட்டு ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டார். அவருக்கு வேறு வழியும் இல்லை.

மண்டபத்து வாசலில் பேண்டு ஒரு முத்தாய்ப்பு வைத்து முடிப்பதுதான் முறை. பாய் அதைச் செய்யவில்லை. பாட்டின் நடுவில், அப்படியே வாயிலிருந்து கிளாரினெட்டை எடுத்துவிட்டார். ஏழு பேரும் சத்தமில்லாமல் நின்றார்கள். உள்ளே முகூர்த்தம் தப்பாமல் நான் தாலி கட்டினேன். தவில்காரரின் கெட்டிமேளத்துக்கு நடுவே வெளியிலிருந்து ஒரே ஒரு 'டொம்' விழுந்தது. மாமன் கையிலிருந்த அட்சதை எங்கள் தலைக்கு வராமல் ஐயர் தலையில் கொட்டியது.

பந்தியில் பாயின் இலைக்கு முன்னால் போய் நின்றேன். "அந்த டொம்மு எதுக்குங்க பாய்?"

"அது அமெரிக்கா. அவனும் லேசுப்பட்டவன் இல்ல தம்பி. எப்பவாவது பெருசா ஒண்ணு நடக்கறப்ப மட்டும் அடிக்கணும்கறான். நல்லம்பள்ளியில எனக்கு அது புரியல."

"ஊர்வலப் பாட்ட ஏங்க முடிக்காம வுட்டுட்டீங்க?"

பாய் பாயசத்தை ஓரமாக வைத்தார். "முடிவே இல்லாத பாட்ட நான் எப்படி முடிக்கறது? மண்டபம் வந்துட்டா ஊர்வலம் முடிஞ்சுருமா என்ன? நீங்க ரெண்டு பேரும் நடந்துக்கிட்டே இருங்க."

பிறகு அந்தப் பெட்டிகள் வந்த வழியே பெங்களூருக்குப் போய்விட்டன. பாயும் மகள் வீட்டோடு ஓசூருக்குப் போனார்.

காலையில் பஸ்ஸுக்கு நேரமானால் என் மனைவி ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே டிபன் கட்டுவாள். நேரம் போகப் போக அந்தப் பாட்டும் வேகமாகும், நான் செருப்பைத் தேடி ஓடுவேன். அது என்ன பாட்டு என்று என் பிள்ளைகள் கேட்டார்கள். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். பீப்பி பாய் கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் இன்னும் மண்டபத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவர் முன்னால் வாசித்துக்கொண்டேதான் போகிறார்.