படிக்கட்டு வைத்த போர்க்கப்பல்

அலுவலர்கள் காலத்துக்கேற்ப நடந்துகொள்வதைப் பொதுமக்கள் கண்ணாரக் காணும் பொருட்டு, ஒவ்வொரு அலுவலகமும் ஒரு கணினி விளையாட்டில் பொதுமக்களோடு மோத வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மோதத் தவறினால் விளக்கம் கோரப்படும். கட்டட அனுமதி அலுவலகத்துக்கு விண்வெளிப் போர் ஒதுக்கப்பட்டது. கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கப்பல் கட்டி, அதில் போய் எதிரியின் கப்பலைச் சுட்டு நொறுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

அலுவலகத்தில் அதை ஆடத் தெரிந்தவர் ஒரே ஒருவர், வரைவாளர். பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் வீட்டு வரைபடங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டவர். சொந்தமாக ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்டியதில்லை. அந்த ஏக்கத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கணினியில் கப்பல் கட்டித் தீர்த்துக்கொள்வார். சொல்லிக்கொடுத்தவள் தையற்கடை வைத்திருக்கும் தங்கை.

மூன்றே நாளில் வரைவாளர் ஒரு கப்பலைக் கட்டி முடித்தார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கட்டைகள். குண்டு பட்டால் வழுக்கிக்கொண்டு போக மூக்கில் சரிந்த கவசம், வயிற்றுக்குள் மின் உலை, பின்னால் நாலு இன்ஜின், முன்னால் ரெண்டு பீரங்கி. ஒரு கட்டை கூடினாலும் கனம் கூடும், கனம் கூடினால் திரும்ப நேரமாகும், திரும்ப நேரமானால் கதை முடிந்தது. பார்த்துப் பார்த்துக் கட்டி, 'மீன்கொத்தி' என்று பெயரும் வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கே அவரைப் பிடித்திருந்தது.

அதிகாரி திரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. படிக்கட்டு எங்கய்யா?"

"விண்வெளியில மேலே கீழேன்னு எதுவும் கிடையாது சார்."

"மேலே கீழே இல்லாத ஆபீசை நீர் எங்கய்யா பார்த்தீர்?"

படிக்கட்டு வந்தது. கைப்பிடிச் சுவரும் வந்தது.

அடுத்து கண்காணிப்பாளர் அம்மா. "பின்னாடி என்ன நெருப்பு வருது?"

"இன்ஜின் மேடம். அது இருந்தாத்தான் நகரும்."

"தீயணைப்புத் துறையோட தடையின்மைச் சான்று?"

"விளையாட்டுக்கு எப்படி மேடம்..."

"அப்போ கழட்டி வைங்க. சான்று வந்ததும் மாட்டிக்கலாம்."

பீரங்கியைப் பார்த்ததும் அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. "பொதுமக்களைக் குறிவெச்சு நம்ம ஆபீசுல பீரங்கியா? படம் எடுத்துப் போட்டான்னா யார் பதில் சொல்றது? ஒரு ரூம் கட்டி உள்ளே பூட்டும். சாவி என்கிட்ட இருக்கட்டும்."

பீரங்கிக்கு ஓர் அறை வந்தபிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கூட்ட அரங்கு வந்தது. பழைய கோப்பு அறை வந்தது. பழைய கோப்பு அறை நிரம்பினால் வைக்க இன்னொரு பழைய கோப்பு அறை வந்தது. முன்பக்கக் கவசத்தைப் பெயர்த்து விசாரணை ஜன்னல் வைத்தார்கள். அதன் எதிரே வரிசைக்குக் கம்பித் தடுப்பு, தொட்டால் எண் காட்டும் டோக்கன் பலகை. ஆறாயிரத்து முந்நூறு கட்டைகளோடு மீன்கொத்தி அசையாமல் நின்றது. 'மேற்படி கப்பல் நகராத தன்மையுடையதாதலால் விபத்துக்கு இடமில்லை' என்று கோப்பில் பாராட்டுக் குறிப்பு எழுதப்பட்டது.

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். கடைக்கு மேலே ஓர் அறை எழுப்ப அவள் போட்ட மனு மூன்று வருஷமாக இதே அலுவலகத்தில் கிடக்கிறது. சொந்தக்காரர் கோப்பை வரைவாளர் தொடக்கூடாது என்பது விதி. தொடக்கூடிய மற்றவர்களும் தொடவில்லை.

"அண்ணா, பொதுமக்கள் அணிக்கு நான்தான் தலைவி. அஞ்சு கப்பல். அஞ்சு பேரும் உங்க ஆபீசுக்கு நடந்து செருப்புத் தேஞ்சவங்க. உன்மேல எனக்குக் கோபமில்லை. ஆனா சனிக்கிழமை உங்க ஆபீசைப் பொடிப்பொடியாக்கிடுவேன்."

வரைவாளர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தணித்தார். "ரெண்டாவது பழைய கோப்பு ரூமுக்குப் பின்னாலதான் மின் உலை இருக்கு. அங்க ஒரே அடி. மொத்தமும் போயிடும்."

துரோகம்தான். ஆனால் அப்படி ஒரு நிம்மதியான தூக்கம் அவருக்கு வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்து வழிந்தது. பெரிய திரையில் ஐந்து கப்பல்கள் சீறி வந்தன. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். வரைவாளர் கண்ணை அகலத் திறந்துகொண்டார்.

முதல் கப்பல் குண்டு எட்டும் தூரத்துக்கு வந்தது. எதிரே பலகை: 'டோக்கன் பெற்று வரிசையில் நிற்கவும்.' கப்பலின் வேகம் குறைந்தது. மெல்லப் போய்ப் பலகையைத் தொட்டது. எண் ஒன்று. கம்பித் தடுப்புக்குள் நுழைந்து நின்றது. அதன் பின்னால் இரண்டாவது. மூன்றாவதும் நான்காவதும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின.

"ஏங்க, நான்தானே முன்னாடி வந்தேன்? வரிசைன்னு ஒண்ணு இல்லையா?" என்று ஒலிபெருக்கியில் சத்தம் கேட்டது.

தங்கையின் கப்பல் மட்டும் நேராகக் கோப்பு அறையைக் குறிவைத்து வந்தது. வரைவாளர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். 'அடிம்மா!' அந்தக் கப்பல் ஒரு கணம் தயங்கியது. பிறகு வளைந்து திரும்பி, ஐந்தாவதாகப் போய் நின்றது.

நேரம் முடிந்தது. எதிரிகள் அத்தனை பேரையும் சுடாமலே நிறுத்திவைத்த கப்பலுக்கே வெற்றி என்று நடுவர் அறிவித்தார். அதிகாரிக்கு மாலை விழுந்தது. எல்லா அலுவலகங்களும் இனி இதே மாதிரியில்தான் கப்பல் கட்ட வேண்டும் என்று அங்கேயே உத்தரவும் ஆனது.

தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"வழி சொன்னேனேம்மா, அடிச்சிருக்கலாமே!"

"அடிக்கத்தாண்ணா வந்தேன். பார்த்தா முன்னாடி நாலே பேர். இவ்வளவு சின்ன வரிசையை உங்க ஆபீசுல நான் பார்த்ததே இல்லை. விட்டுட்டுப் போக மனசு வரல." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "அந்த அஞ்சாம் நம்பர் திங்கக்கிழமை செல்லுமாண்ணா?"

தங்கையின் தலையைத் தடவி ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் வரைவாளர் வாயைத் திறந்தார். பத்தொன்பது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"செல்லாதுங்க. புதுசா எடுக்கணும். காலையிலேயே வந்துடுங்க."