எட்டு மில்லிமீட்டர்

எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில், இரும்பின் தடிமனை வெளியிலிருந்தே அளக்கும் கருவி 7.8 என்று காட்டியது. உமைர் அதைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். அதே 7.8.

அது சாம்பல் போகும் குழாயின் வளைவு. தீவின் மேற்கு மூலையில், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையில் உமைர் பராமரிப்புப் பொறியாளர். சாம்பல் பார்வைக்கு மாவு மாதிரி இருந்தாலும் காற்றோடு பறக்கும்போது மணல். வளைவில் மோதி மோதி இரும்பை உள்ளிருந்தே தின்னும். இதைப் பற்றி அவர் படிக்கிற காலத்தில் ஓர் ஆய்வேடே எழுதியிருந்தார். அது கண்ணெதிரே நடப்பதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

மாதம் ஒருமுறை அளந்ததை வாரம் ஒருமுறை ஆக்கினார். உதவிக்கு டெக்னீஷியன் செல்லக்கண்ணு. சொன்ன வேலையில் குறை வைக்காதவர், அதிகம் பேசமாட்டார்.

ஒரு மாதத்தில் 7.1.

காற்றின் வேகத்தைக் குறைத்தால் தேய்மானம் குறையும். குறைத்தார். சாம்பல் பறக்காமல் குழாயிலேயே படுத்துக்கொண்டது. நான்கு பேர் சுத்தியலால் தட்டி அதை எழுப்ப அரை நாள் ஆயிற்று. வேகத்தைப் பழையபடி ஏற்றிவிட்டு, இனித் தினமும் அளப்பது என்று முடிவு செய்தார். இரண்டே வாரத்தில் 5.9.

மேனேஜர் ரகுபதி அழைத்து மரியாதையாக விசாரித்தார். வளைவின் உள்ளே பீங்கான் ஓடு பதித்துவிடலாம் என்றார் உமைர். மூன்று நாள் ஆலை நின்றது. குப்பை லாரிகள் மெயின் ரோடு வரை வரிசைகட்டி நின்று நாறின.

ஓடு பதித்த மறுவாரம் 5.2.

"ஓட்டுக்குப் பின்னால சாம்பல் பூந்துடுச்சு சார்," என்று உமைர் விளக்கினார். "இனிமே ஷிஃப்டுக்கு ஒரு தடவை அளக்கணும்."

கிளமெண்டி வட்டாரத்திலிருந்த வீட்டில் மனைவி முனீரா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு, காயல்பட்டினம் போக இருவருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. லீவை ரத்து செய்துவிட்டதாக உமைர் சொன்னார். நாலு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குழாய் பிய்த்துக்கொள்ளும், அடியில் ஆட்கள் நடமாடுகிறார்கள் என்றார்.

முனீரா அவருடைய சட்டைகளை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார்.

"அந்தப் பைப்பையே நிக்காஹ் பண்ணியிருக்கலாம்லா நீங்க."

தனியாகத்தான் போனார்.

கல்யாணத்தன்று 4.1. ரகுபதி ஆலையை மறுபடி நிறுத்தி, வளைவைக் கழற்றி இறக்கி, எல்லோர் முன்னிலையிலும் இரண்டாக அறுக்க வைத்தார்.

உள்ளே ஓடுகள் பதித்த வரிசை கலையாமல் இருந்தன. ஒன்றைப் பெயர்த்தார்கள். பின்னால் ஒரு சிட்டிகைச் சாம்பல் இல்லை. ஒட்டிய பசைகூட அப்படியே. ரகுபதி டார்ச்சை அணைத்துவிட்டு உமைரைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

ஆய்வேடு எழுதிய மனிதர் அறுபட்ட குழாய்க்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள தேயலைன்னா, இரும்பு எங்கதான் போச்சு?"

செல்லக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்பர் கரெக்டா வரணுமேன்னு, நீங்க அளக்க வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தை நான்தான் சார் கிரைண்டர் போட்டு பளபளன்னு தேய்ச்சு வைக்கிறேன்."