ஒபதியா பிரிக்கின் மனைவி

ஒபதியா பிரிக்கின் மனைவிக்குப் பெயர் கண்டுபிடிக்கிற வரை சவரம் செய்துகொள்வதில்லை என்று நஞ்சுண்டசாமி சபதம் எடுத்தார். ஒபதியா பிரிக் இறந்து முந்நூற்று முப்பது வருடங்கள் ஆகியிருந்தன. அவருடைய மனைவியும் முன்னேயோ பின்னேயோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அவர்கள் இருவருக்கும் அவசரமில்லை. அவசரம் நஞ்சுண்டசாமியின் மனைவி சரசுவுக்குத்தான்.

“ஏனுங்க, இன்னிக்கோட பதினோரு நாளு. பால்காரன் கேட்டைத் தொறந்து உங்களெப் பாத்துட்டு, ‘வூட்டுக்குச் சாமியாரு வந்திருக்காருங்களா அம்மா’ங்கறான்.”

“வரலாறு, சரசு. வரலாறு சும்மா கெடைச்சுராது.”

“தாடிக்குள்ளயா கெடைக்கும்?”

ஒபதியா யார் என்று சொல்லிவிட வேண்டும். மைசூர் கோகுலத்தில் நஞ்சுண்டசாமிக்கு ஒரு மாடி வீடு. மாடியில் வருடா வருடம் யோகா கற்க வரும் வெள்ளைக்காரர்கள் குடியிருப்பார்கள். இந்த வருடம் வந்தவர் டெபோரா பிரிக், அமெரிக்காவில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் ஒரு மணி நேரம் தலைகீழாக நிற்பார். சாயங்காலம் நேராக உட்கார்ந்து முன்னோர்களை நினைத்துப் பெருமூச்சு விடுவார். அவருக்குப் பதினோரு தலைமுறைக்கு முந்திய பாட்டன்தான் ஒபதியா பிரிக். தச்சர். அமெரிக்கா என்று ஒரு நாடு உண்டாவதற்கு முன்னால், அது இங்கிலாந்து ராஜாவின் காலனியாக இருந்த காலத்தில், 1663-ல் கப்பலேறி மாசச்சூசெட்ஸில் போய் இறங்கியவர். அவர் அறுத்த பலகை எத்தனை, கட்டிய அபராதம் எத்தனை என்பது வரை டெபோராவிடம் கணக்கு இருந்தது. அவர் யாரைக் கட்டினார் என்பது மட்டும் இல்லை.

இதைக் காபி குடிக்கும்போது டெபோரா சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது.

ஏனென்றால் நஞ்சுண்டசாமி முப்பத்து நாலு வருடம் ஓர் அரசாங்க அலுவலகத்தின் ஆவண அறைக்குத் தலைவராக இருந்தவர். அவருக்கு இரண்டே கொள்கைகள். காகிதம் பொய் சொல்லாது என்பது ஒன்று. படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது மற்றொன்று. தன் கல்யாணப் பதிவுப் புத்தகத்தையே முழுவதும் படித்து, இரண்டு பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அதுவரை சரசு மூன்று கிலோ மாலையோடு நின்றுகொண்டிருந்தாள். தன் பெருமையைச் சரசு உணர்ந்துகொண்ட நாள் அது என்பது அவருடைய எண்ணம். சரசு அன்றைக்கு உணர்ந்துகொண்டது வேறு.

“ஒரு வாரம் கொடுங்கள் மேடம்” என்று டெபோராவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த வாரத்துக்கு இப்போது மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. கோழி கிளறியது போன்ற பழைய ஆங்கிலக் கையெழுத்தைக் கணினியில் பெரிதாக்கி, அதன்மேல் ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்துப் படித்தார். கேஸ் தீர்ந்தது, தெரியாது. மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பி வழிந்தது, தெரியாது. மகள் அனுப்ரியா பெங்களூரிலிருந்து வந்து, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். அவளிடம் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம். “இந்த எழுத்து ‘எஃப்’பா, ‘எஸ்’ஸான்னு பாரு.”

சபதத்தின் பதினோராம் நாளான அன்று சரசு காபியோடு வந்து நின்றாள்.

“அப்பிடி என்னதாங்க எழுதிருக்குது அதுல?”

“கப்பல் லிஸ்டுல ‘ஒபதியா பிரிக், தச்சர், மனைவியுடன்’னு இருக்கு. சர்ச் புத்தகத்துல ‘பிரிக்கின் மனைவி.’ உயில்ல ‘என் அன்பு மனைவிக்கு.’ அவ்வளவுதான்.”

“அன்பு மனைவிக்கு என்னத்தெ எழுதி வெச்சான்?”

“ஒரு கட்டில், ரெண்டு இரும்புச் சட்டி, செர்ரி.”

“செர்ரி யாரு?”

“செவலைப் பசு.”

சரசு காபி டம்ளரை மேஜைமேல் வைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

“மாட்டுக்குப் பேரு எழுதிருக்கான். பொண்டாட்டிக்கு எழுதலையா?”

“அந்தக் காலத்து வழக்கம் அப்படி, சரசு.”

“எந்தக் காலத்து?”

அது ஒரு கேள்வி என்றே அவருக்குத் தோன்றவில்லை. சரசு இடுப்பில் செருகியிருந்த ஒரு காகிதத்தைப் பிரித்துக் கணினியின் விசைப்பலகைமேல் வைத்தாள்.

“இதுல ஒரு கையெழுத்து வேணும். கன்னடத்துல டைப் பண்ணிருக்குது. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க.”

“கேஸ் கம்பெனிக்கா?”

“படிச்சுப் பாருங்கன்னேன்.”

“எனக்கு இருக்கற வேலைல… எங்க போடணும்?”

“இங்க. தேதியும் போடுங்க. ரெண்டாவது தடவை சொல்றேன், படிங்க. அப்பறம் என்னெக் குத்தம் சொல்லக்கூடாது.”

“சரசு, நான் இப்ப 1694-ல இருக்கேன்.”

“சரி, அங்கயே இருங்க.”

கையெழுத்து விழுந்தது. தேதியும் விழுந்தது. நூற்றாண்டைச் சரசு திருத்தச் சொன்னாள். திருத்தினார்.

அடுத்த திங்கட்கிழமை சரசு நஞ்சன்கூடு கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலை ஆறு மணிக்கே கிளம்பினாள். “உங்க பேருள்ள சாமிக்கு ஒரு அர்ச்சனை பண்ணி, தாடிய எடுக்கச் சொல்லி வேண்டிக்கிட்டு வரேன்” என்றாள். இருட்டுகிற சமயத்தில்தான் திரும்பினாள். நஞ்சன்கூட்டுக்கு மைசூரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. நஞ்சுண்டசாமி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அவர் தூரத்தை அப்போது கடல் மைலில் அளந்துகொண்டிருந்தார்.

அதற்கும் சில நாள் கழித்து அவர் கணினியின் மௌஸைத் தூக்கி எறிந்தார். பிரிக் வீட்டுக் காகிதம் ஒன்று பாக்கியில்லை. எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. மனைவி எல்லாவற்றிலும் இருந்தாள். பெயர் எதிலும் இல்லை.

சரசு அவரைக்காய்க்கு நார் உரித்தபடியே சொன்னாள். “புருசன் காகிதத்துலயே தேடுனா எப்பிடிங்க கெடைக்கும்? அங்க அவ வெறும் பொண்டாட்டிதான். பொறந்த வூட்டுல தேடுங்க. அப்பன் உயில் எழுதிருந்தா மக பேரச் சொல்லித்தான எழுதிருப்பான்?”

“உனக்கு ஆராய்ச்சி முறை தெரியாது.”

“தெரியாதுங்க. அவரைக்கா உரிக்கத்தான் தெரியும்.”

அவள் சமையலறைக்குள் போகிற வரை காத்திருந்து, போனதும் அதைத்தான் செய்தார். அந்த ஊரில் அந்தக் காலத்தில் செத்த கிழவர்களின் உயில்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம், மாவு மில் வைத்திருந்த ஒரு கிழவரின் உயிலில் அந்த வரி கிடைத்தது. ‘ஒபதியா பிரிக்கின் மனைவியான என் மகள் பேஷன்ஸுக்குப் பெரிய பித்தளை அண்டா.’

நஞ்சுண்டசாமி கத்திய கத்தலில் மாடியில் தலைகீழாக நின்ற டெபோரா நேராகிக் கீழே ஓடி வந்தார். வரியைப் படித்தார். அழுதார். நஞ்சுண்டசாமியின் தாடியோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.

“பிறந்த வீட்டில் தேட வேண்டும் என்று எனக்குத் திடீரென்று தோன்றியது மேடம்.”

சரசு மைசூர்பாகுத் தட்டோடு பக்கத்தில்தான் நின்றாள்.

“பேஷன்ஸ்னா பொறுமைன்னு அர்த்தம்” என்று நஞ்சுண்டசாமி அவளுக்கு விளக்கினார். “அருமையான பேரு.”

“பொறுமையா இருந்தா. அதுதான் பேரு காணாமப் போச்சு” என்று சொல்லிவிட்டு டெபோராவிடம் தட்டை நீட்டினாள்.

அன்றைக்கே நஞ்சுண்டசாமி சவரம் செய்துகொண்டார். மூன்று பிளேடு ஆயிற்று.

மறுநாள் காலை இட்லி வைக்கும்போது சரசு கேட்டாள். “ஏனுங்க, கடலுக்கு அந்தப் பக்கம், முந்நூறு வருசத்துக்கு முந்தி ஒரு மில்லுக்காரன் மக பேர எழுதி வெச்சிருக்கான். எங்கப்பா காகிதத்துல எம் பேரு எங்கயாச்சும் இருக்குதுங்களா?”

“எதுக்குக் கேக்கற?”

“சும்னே கேக்கறேன். காகிதமெல்லாம் உங்களுக்குத்தான தெரியும்.”

நஞ்சுண்டசாமி எடுத்த இட்லியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

போன மாதம் சரசுவின் தம்பி கருப்புசாமி ஹனூரிலிருந்து வந்திருந்தான். ஒரு தார் வாழைப்பழமும் ஒரு ஃபைலும் கொண்டுவந்தான். அவர்களுடைய அப்பா ஆறுமுகசாமி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கிணற்றோடு இரண்டு ஏக்கர் மஞ்சள் காடு இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. அதை வாரிசுகள் பெயருக்கு மாற்ற, கர்நாடகத்தில் வம்ச விருட்சம் என்று ஒரு காகிதம் வேண்டும். செத்தவர் பெயரை மேலே ஒரு கட்டத்தில் எழுதி, பிள்ளைகள் பெயரைக் கீழே கட்டம் கட்டமாக எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும். வருவாய் அலுவலகத்தில் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் காகிதத்தில் உள்ளபடி நிலம் மாறிவிடும்.

“மாமா, சாட்சிக்கு ஒரு கையெழுத்து” என்றான் கருப்புசாமி. “நீங்க போட்டா ஆபீசுல மறுபேச்சு இருக்காதுங்க.”

அன்றைக்குத்தான் கப்பல் லிஸ்ட் கிடைத்திருந்தது. நஞ்சுண்டசாமி பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் போட்டுக்கொடுத்தார். ஆனால் கடைக்கண்ணில் பட்டது இப்போது ஞாபகம் வந்தது. மேலே ஒரு கட்டம். அதிலிருந்து ஒரே ஒரு கோடு. கீழே ஒரே ஒரு கட்டம்.

ஆறுமுகசாமிக்குப் பிள்ளைகள் இரண்டு. கீழே கட்டம் ஒன்று. தன் மனைவி பிறக்கவே இல்லை என்று அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

விரல் விட்டு எண்ணினார். இருபத்தேழு நாள் ஆகியிருந்தது. இன்னும் மூன்று நாள்.

சரசுவிடம் சொல்லிவிடலாம். நியாயமும் அதுதான். ஆனால் சொன்னால், அந்த மூன்று கிலோ மாலை என்ன ஆகும்? முப்பத்து நாலு வருட ஆவண அறை என்ன ஆகும்? இனி மளிகைச் சீட்டை நீட்டினால்கூட, “படிச்சீங்களா?” என்று கேட்பாளே! தானே ஹனூருக்குப் போவது, ஆட்சேபணை கொடுப்பது, சரசுவின் பெயரை ஏற்றுவது, காதும் காதும் வைத்த மாதிரி திரும்பி வருவது என்று முடிவு செய்தார்.

“நாளைக்கு யூனிவர்சிட்டி லைப்ரரிக்குப் போறேன், சரசு. முழு நாளும் ஆகும்.”

“அதுதான் பேரு கெடைச்சுருச்சுங்களே?”

“கெடைச்சதை உறுதிப்படுத்தணும்.”

“ஆமாங்க, உறுதிப்படுத்தோணும். தயிர்சாதம் கட்டித் தரேன். ஆதார் கார்டு எடுத்துக்குங்க.”

“லைப்ரரிக்கு எதுக்கு ஆதார்?”

“இப்பல்லாம் எல்லா எடத்துலயும் கேக்கறாங்க. ஜெராக்ஸ் ரெண்டு எடுத்து உங்க பையில வெச்சிருக்கேன். குடையும் வெச்சிருக்கேன்.”

லைப்ரரிக்குள் மழை பெய்யாது என்று சொல்ல வாயெடுத்தார். பேச்சை வளர்த்தால் மாட்டிக்கொள்வோம் என்று விட்டுவிட்டார்.

கொள்ளேகால் வரை உட்கார இடம் கிடைத்தது. அங்கிருந்து ஹனூர் போகிற பஸ்ஸில் மாதேஸ்வரன் மலைக்குப் போகிற கூட்டம். ஒற்றைக் காலில் நின்றார். இன்னொரு காலின்மேல் யாரோ அரிசி மூட்டையை வைத்திருந்தார்கள். அந்த நிலையிலேயே ஆட்சேபணை மனுவை மனத்துக்குள் எழுதி முடித்தார். ஏழு பத்திகள். அடிக்குறிப்பும் உண்டு.

ஹனூர் அலுவலகத்தில் கிராமக் கணக்கர் மாதேவசாமி இருந்தார். சின்ன வயது. இரண்டு பாஷையும் பேசுகிறவர்.

“கூத்கொள்ளி சார்” என்று நாற்காலியைக் காட்டினார். “ஆதார் இதியா?”

நஞ்சுண்டசாமி ஆதாரை நீட்டினார். ஜெராக்ஸ் ரெண்டு கேட்டார். ரெண்டும் இருந்தன. சரசுவை மனத்துக்குள் பாராட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“காலஞ்சென்ற ஆறுமுகசாமியின் வம்ச விருட்சத்தில் ஒரு பெருந்தவறு…”

“அய்யோ, சரசம்மா மேட்டரா? அது முடிஞ்சுபோச்சு சார்.”

“என்ன முடிஞ்சுபோச்சு?” நஞ்சுண்டசாமி எழுந்தேவிட்டார். “இன்னும் ரெண்டு நாள் இருக்கு!”

“உட்காருங்க சார். அம்மா பேரு ஏறியாச்சு. நோட்டீஸை அவங்க ஊருல பசம்மான்னு ஒருத்தங்க ஃபோட்டோ புடிச்சு அம்மாவுக்கு அனுப்பிருக்காங்க. ரெண்டு வாரம் முன்னாடி ஒரு திங்கட்கிழமை அம்மாவே வந்து ஆட்சேபணை கொடுத்துட்டாங்க. நேத்து கருப்புசாமியும் வந்தான். ‘கட்டிக்கொடுத்த பொண்ணு பேரு எதுக்குன்னு விட்டுட்டேன், அக்கா ஃபோன்ல பேசுன பேச்சுல காது இன்னும் கேக்கல’ன்னு சொல்லி ஒத்துக்கிட்டுப் போனான். அக்காவும் தம்பியும் சரிபாதி.”

திங்கட்கிழமை. நஞ்சன்கூடு. காலை ஆறிலிருந்து இருட்டுகிற வரை. நஞ்சுண்டசாமி இப்போது கணக்குப் போட்டார். சரியாக வந்தது.

“ஆனா ஒண்ணு கேக்கலாமா சார்?” மாதேவசாமி ஃபைலிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ரெண்டு கையெழுத்தும் உங்களுதுதானே? இந்தக் காகிதப்படி உங்க சம்சாரம் பொறக்கவே இல்ல. இந்தக் காகிதப்படி பொறந்திருக்காங்க. ரெண்டுக்கும் நீங்கதான் சாட்சி. எங்க ஆபீசே ரெண்டு நாள் இதெப் பத்திதான் பேசுச்சு.”

இரண்டாவது காகிதத்தை நஞ்சுண்டசாமி கையில் எடுத்தார். கன்னடத்தில் தட்டச்சு. அடியில் தன் கையெழுத்து. தேதியில் திருத்திய நூற்றாண்டு. மூலையில் காபி டம்ளரின் வட்டக் கறை.

“முதல் சாட்சியை எப்படித் தள்ளுபடி பண்ணீங்க?” என்று கேட்டார். ஆவண அறையின் குரல் கொஞ்சம் மிச்சமிருந்தது. “சட்டப்படி அதுக்கு ஒரு காரணம் வேணுமே.”

“அம்மாவே எழுதிருக்காங்க சார். மூணாவது பத்தி. படிச்சுப் பாருங்க.”

இந்தத் தடவை நஞ்சுண்டசாமி படித்தார்.

‘என் கணவர் அந்த வம்ச விருட்சத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பதைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். அவர் எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. அதற்கு அத்தாட்சியாக, இந்த மனுவின் அடியிலும் அவருடைய கையெழுத்தையே வாங்கி இணைத்திருக்கிறேன்.’