நட்சத்திரத்துக்கு நான் கொடுத்த மின்சாரம்

எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பார்த்த இடத்தையே திரும்பவும் பார்ப்பார்கள். பார்க்காத இடம் கடைசிவரை பார்க்காமலே கிடக்கும்.

நான் கதவைப் பூட்டியபின் பாதித் தெரு நடந்து, திரும்பி வந்து கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பவள். பிள்ளைகளின் காய்ச்சலை இரண்டு தெர்மாமீட்டர்களால் அளப்பவள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால், இரண்டும் ஒன்றாகக் கெட்டுப்போயிருக்குமோ என்று யோசிப்பவள். (இதற்காக என் கணவர் அன்ரன் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'பாதுகாப்பு அமைச்சு'.) இப்படிப்பட்டவளிடம்தான் எங்கள் பங்குத் தேவாலயத்தின் தமிழ் ஆட்கள், கிறிஸ்மஸ் நாடகத்தின் நட்சத்திரத்தை ஒப்படைத்தார்கள்.

ஒப்படைத்தார்கள் என்பதும் சரியில்லை. நானாகக் கேட்டு வாங்கினேன். எங்கள் மகள் ஷெரினுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் வாய் ஓயாது. வெளியே போனால் வாய் திறக்காது. வகுப்பில் அவள் குரலைத் தாங்கள் கேட்டதே இல்லை என்று பள்ளியில் மெதுவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து, நான் என்ன பிழை விட்டேன் என்று யோசித்தபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் மறைக்கல்வி எடுக்கும் ஞானம் ரீச்சர் அவளுக்கு வானதூதர் வேடம் கொடுத்தார். வசனம் ஒரே ஒரு சொல். இடையர்கள் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள், நட்சத்திரம் எரியும், வானதூதர் 'அஞ்சாதீர்கள்' என்பார். மிச்சத்தை ரீச்சரே சொல்லிவிடுவார்.

ஒரு சொல்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நாங்கள் அந்தச் சொல்லை ஒரு மாதம் பழகினோம். பாடமாகச் சொல்லுவாள், ஆனால் தலையணைக்குள் சொல்வதுபோலச் சொல்லுவாள். மண்டபம் நிறைய ஆட்கள் இருப்பார்களே என்று கேட்டபோது அவளுக்கு இரண்டு வாக்குறுதிகள் கொடுத்தேன்.

"குஞ்சு, மைக் இருக்கு. நீ மெல்லமாச் சொன்னாலே எல்லாருக்கும் கேக்கும். எப்ப சொல்லுறது எண்டும் பயப்பிடாத, நட்சத்திரம் பத்தும், உடன சொல்லு."

மைக், நட்சத்திரம். இந்த இரண்டையும் நம்பித்தான் பிள்ளை மேடை ஏறச் சம்மதித்தாள்.

நட்சத்திரத்தைச் செய்தவர் எட்வேட் அண்ணை. பல வருடம் பாரிஸில் இருந்துவிட்டு இங்கே வந்து தச்சுவேலை செய்பவர். பலகையில் ஐந்து முனை வெட்டி, ஒவ்வொரு முனையிலும் ஒரு கார் பல்பு வைத்திருந்தார். பன்னிரண்டு வோல்ட். அதற்கு மின்சாரம் கொடுத்த பழைய பெட்டி அந்த வருடம் புகைவிட்டுச் செத்துப்போனது. புதிதாக வாங்குவோம் என்று பேசிக்கொண்டிருந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, நான் மாற்றிக் கொண்டுவருகிறேன், நான் பௌதிகம் படித்தவள் என்றேன். (யாழ்ப்பாணத்தில் வாங்கிய பட்டம். புலம்பெயர்ந்து குட்மேய்ஸ் ஊருக்கு வந்தபின் அதை முதல்தரம் வெளியே எடுத்தது அன்றுதான்.)

வீட்டில் இருந்தது அன்ரனின் என்லார்ஜருடைய மின்சாரப் பெட்டி. என்லார்ஜர் என்பது, பிலிமில் இருக்கும் சின்னப் படத்தை இருட்டறையில் வைத்துக் காகிதத்தில் பெரிதாக விழுத்தும் கருவி. ஒரு காலத்தில் எங்கள் குளியலறை சில மாதங்கள் இருட்டறையாக இருந்தது. பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், என்லார்ஜர் படிக்கட்டுக்குக் கீழே போனது. அதன் பெட்டிக்கு முன்னால் ஒரு சுவிட்ச். பின்னால் இரண்டு வழிகள். ஒன்று என்லார்ஜர் பல்புக்குப் பன்னிரண்டு வோல்ட் தரும். மற்றது வீட்டுச் சுவரில் இருப்பது மாதிரியான சாதாரண பிளக் ஓட்டை. அதற்கு மேலே ஏதோ ஒரு சின்னப் படமும் இருந்தது. என்ன படம் என்று எனக்கு நினைவில்லை. சின்னவன் தவழத் தொடங்கிய வாரத்தில், வீட்டில் விரல் போகக்கூடிய எல்லா ஓட்டைகளிலும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். படமும் டேப்புக்குள் போய்விட்டது.

அன்ரனிடம் கேட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து சோபாவில் அரைத் தூக்கத்தில் கிடந்தவர், "எடும், எடும். கவனம்" என்றார். என்னிடம் போய்க் கவனம் என்று சொல்கிறார்.

கவனமாகத்தான் செய்தேன். என்லார்ஜருக்குப் போகும் வயரை வெட்டி, நட்சத்திரத்தின் வயரோடு இணைத்து, இணைப்பைச் சுற்றி டேப், டேப்பைச் சுற்றி டேப். பிறகு காகிதமும் பேனையும் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஐந்து பல்புகளும் எரிந்தால் பெட்டிக்குச் சுமை மட்டுமட்டாக இருந்தது. ஆகவே ஒரு பல்பைக் கழற்றிவிட்டேன். பெத்லகேமுக்கு வழிகாட்டிய நட்சத்திரம் எங்கள் மண்டபத்தில் ஒரு கை இல்லாமல் எரிந்ததற்கு இதுவே காரணம்.

அடுத்தது மண்டபம். மேடைக்கு அருகே ஒரேயொரு சுவர் பிளக். ஒலிபெருக்கிக்கு எட்ட இருந்து ஒரு நீண்ட வயர் இழுப்பதுதான் வழக்கம். செம்மறியாட்டு வேடத்தில் ஓடித் திரியும் பிள்ளைகள் அதில் தடக்கி விழுவார்களே. எனக்குத்தான் பெட்டியின் பின்னால் இன்னொரு ஓட்டை இருக்கிறதே. டேப்பை நடுவில் வெட்டித் திறந்து, ஒலிபெருக்கியை அதில் செருகினேன். நீண்ட வயரை அழகாகச் சுருட்டிக் கொடுத்தபோது ஞானம் ரீச்சர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை நான் இரண்டு நாள் வைத்து அனுபவித்தேன்.

சோதிக்காமலும் இல்லை. வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து நட்சத்திரத்தை எரித்துப் பார்த்தேன், எரிந்தது. ஓட்டையில் மேசை விளக்கைச் செருகிப் பார்த்தேன், அதுவும் எரிந்தது. அடுத்த நாளும் அப்படியே. ஒன்று முடித்து மற்றது. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. அன்ரனுக்கு ஷிப்ட். எப்படியும் ஓடி வருவதாகச் சொல்லியிருந்தார். டூட்டிங்கிலிருந்து வந்த அவர் தங்கை, என் மச்சாள், முதல் வரிசையில் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நான் பட்டுச்சேலையோடு, மாட்டுத்தொழுவம் வரைந்த துணிக்குப் பின்னால் நிலத்தில் குந்தியிருந்தேன். மடியில் பெட்டி, மணிக்கட்டில் டேப் சுருள். துணியோரத்து இடைவெளியால் மேடை தெரிந்தது.

சத்திரக்காரன் இடமில்லை என்றது மைக்கில் கணீரென்று கேட்டது. இடையர்கள் வந்தார்கள். மண்டப விளக்குகளை அணைத்தார்கள். ஷெரின் வெள்ளைச் சிறகுகளோடு மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். "அப்பொழுது வானத்தில்" என்று ரீச்சர் தொடங்க, நான் சுவிட்சைப் போட்டேன்.

நட்சத்திரம் நாலு கைகளாலும் எரிந்தது. ரீச்சரின் குரல் பாதியில் நின்றது.

மைக் செத்துவிட்டது. பதறிச் சுவிட்சை அணைத்தேன். மண்டபம் கும்மிருட்டு. ரீச்சரின் குரல் மட்டும் பெரிதாக, "ஜெனி, என்ன நடக்குது அங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது. திரும்பவும் போட்டேன். வெளிச்சம் வந்தது, ரீச்சரின் வாய் அசைந்தது, சத்தமில்லை. கேக்கேல்லை என்று பின்வரிசை. அணைத்தேன். தெரியேல்லை என்று முன்வரிசை.

எட்வேட் அண்ணை எழும்பி நின்றார்.

"தங்கச்சி, ரேடியோவோ ஊமைப்படமோ எண்டு ஒரு முடிவுக்கு வாங்கோ."

மண்டபம் சிரித்தது. நான் பௌதிகத்தை நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்துக்குள் மூன்று விளக்கங்கள் கண்டுபிடித்தேன். மூன்றுக்கும் சூத்திரம் இருந்தது, மூன்றும் பிழை. சுமை கூடிவிட்டது என்று முடிவுகட்டி, இன்னொரு பல்பையும் கழற்றலாமென்று நட்சத்திரத்தை எரியவிட்டபடியே எழும்பினேன். சேலைத் தலைப்பு தொழுவத் துணியின் ஊசியில் மாட்டியது. இழுத்தேன். தொழுவம் முழுவதும் சரிந்து விழுந்தது.

மூன்று கை நட்சத்திரமாக்க வந்தவள், நாலு கை நட்சத்திரத்தின் கீழே, செம்மறியாடுகளுக்கு நடுவில், எல்லோருக்கும் தெரியும்படி நின்றேன். மடியிலிருந்த பெட்டியைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தேன். கண்ணால் தண்ணீர் வேறு வந்துவிட்டது. ஷெரின் திரும்பி என்னைப் பார்த்தாள். மைக் இல்லையென்று அவளுக்குத் தெரியும். நான் கொடுத்த வாக்கில் பாதியை நானே பிடுங்கிவிட்டேன். இனி இந்தப் பிள்ளை வாழ்நாளில் வெளியே வாய் திறக்காது, அதற்கும் காரணம் நான்தான் என்று நினைத்தேன்.

அவள் மைக்கை விட்டு, சிறகு ஆட, நேராக என்னிடம் நடந்து வந்தாள். இடையர்கள் பக்கம் திரும்பவேயில்லை. என் முகத்தைப் பார்த்து, வீட்டில் தம்பியை அதட்டுகிற அதே குரலில் சொன்னாள்.

"அஞ்சாதீர்கள்."

கடைசி வரிசை வரை கேட்டது. நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, வசனத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னாள்.

"அம்மா, ஓகே. நீங்கள் இப்ப உள்ளுக்க போங்கோ."

அந்தக் கைதட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளுக்கே போக இடமில்லாமல், விழுந்த தொழுவத்தைத் தலையில் போர்த்திக்கொண்டு இருந்தேன். அதற்குள் வேலை உடுப்போடு வந்து சேர்ந்த அன்ரன் பக்கத்தில் குந்தி, பெட்டியின் டேப்பை நகத்தால் உரித்தார். உள்ளே இருந்தது ஒரு குட்டிச் சிவப்பு பல்பின் படம்.

"இது இருட்டறைச் சிவப்பு லைட்டுக்கு உள்ள ஓட்டை. என்லார்ஜர் லைட் பத்தேக்க சிவப்பு லைட் தானா அணைய வேணும், இல்லாட்டி படத்தைச் சரியாப் பாக்கேலாது. அதுக்கெண்டே செய்த பெட்டி. நீர் நட்சத்திரத்தைப் பத்தவைச்சா மைக் நிண்டுதானே தீரும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பௌதிகம் படிச்ச ஆள் எண்டு சொன்னீர்."

அடுத்த வருடம் எனக்குச் சமோசாப் பொறுப்பு கொடுத்தார்கள். ஷெரினைப் பற்றிப் பள்ளியில் இப்போது வேறு முறைப்பாடு: வகுப்பில் மற்றவர்களையும் கொஞ்சம் பேச விட வேண்டுமாம். மச்சாள் எடுத்த வீடியோ குடும்பம் முழுக்கப் போய்விட்டது. தடுப்பூசிக்குப் போனாலும், புகை அலாரம் அடித்தாலும், விமானத்தில் நான் பெல்டை மூன்றாம் தரம் இழுத்துப் பார்த்தாலும், யாராவது ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார்கள்.

காரில் புறப்பட்டால் இன்னும் மோசம். நான் அடுப்பை அணைத்தேனா என்று வாய் திறப்பதற்குள், பின் சீட்டிலிருந்து வானதூதர் 'அஞ்சாதீர்கள்' என்பார். தம்பியும் சேர்ந்து சொல்லுவான். அப்படியும் காரைத் திருப்பச் சொல்லி, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அணைந்துதான் இருக்கும்.

ஒரே ஒரு நாள் அடுப்பு உண்மையாகவே எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கதையை மட்டும் எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை.