பக்கத்து மேஜை ஆள்

"கால் நகத்தைப் பிடுங்குறதுக்கு இடுப்புக்கிட்ட எதுக்கு டாக்டர் ஊசி?" என்று கேட்டார் ஹாஜ் பையூமி.

மயக்க மருந்து டாக்டர் முராது திருதிருவென்று விழித்தார். எல்லாம் ஹாஜின் மனைவி இன்ஷிராஹ் செய்த வேலை. காலையில் முராதின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள்.

"ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, காலையே எடுக்க வேண்டி வரலாம்னு தெரிஞ்சா அந்த மனுஷன் பயத்துலயே போயிடுவாரு. வெறும் நகம்னு சொல்லுங்க டாக்டர்!"

அலெக்சாந்திரியாவில் எந்த வீட்டார்தான் நோயாளியிடம் நோயைச் சொல்லியிருக்கிறார்கள்? முராதும் தலையாட்டிவிட்டார். வம்பு என்னவென்றால், ஹாஜின் இதயம் பலவீனம். தூங்க வைக்க முடியாது. நரம்பைச் சுற்றி மருந்து போட்டுக் காலை மட்டும்தான் மரத்துப்போக வைக்கலாம். வாயும் காதும் விழித்தே இருக்கும்.

"நகத்துக்குப் போற நரம்பு அங்கிருந்துதான் ஹாஜ் கிளம்புது."

"ஓஹோ!"

கால் மரத்தது. இந்த நகக் கதை தெரியாத சர்ஜன் வஜீஹ், "தொடையிலேருந்து முழங்கால் வரைக்கும் திறக்கிறேன்," என்று முழங்கினார்.

"யாருக்கு?" என்றார் ஹாஜ்.

முராது சர்ஜனின் காலை மிதித்தார். "பக்கத்து மேஜை ஆளுக்கு."

"எவன்யா என் காலை மிதிக்கிறது?" என்று சர்ஜன் கத்தினார்.

ஹாஜின் கவனத்தைத் திருப்ப முராது கைபேசியில் கால்பந்து வர்ணனையைப் போட்டார். கோல் விழுந்ததும் ஹாஜ் மேஜை அதிரக் கூவ, சர்ஜனின் தையல் ஊசி தெறித்தது. வர்ணனையை நிறுத்த வேண்டியதாயிற்று.

"அந்தப் பக்கத்து ஆளுக்கு என்ன டாக்டர்?"

"கால்ல ரத்தக்குழாய் அடைப்பு."

"கால் தப்பிச்சிடுமா?"

"பார்க்கணும் ஹாஜ்."

ஹாஜின் உதடு துஆ முணுமுணுத்தது.

"ரத்தம் பாயுது!" என்றார் சர்ஜன் ஒருவழியாக. வெளுத்துக் கிடந்த விரல்கள் சிவந்தன.

"ஹாஜ், பக்கத்து ஆளோட கால் பிழைச்சிடுச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" ஹாஜின் கண்ணீர் காதுவரை வழிந்தது. முன்பின் தெரியாதவனுக்காக இப்படி அழுகிற மனிதரா என்று முராது உருகிப்போனார்.

வெளியே வந்ததும் ஹாஜ் குரல் கொடுத்தார். "இன்ஷிராஹ், நகம் போயிடுச்சு!"

"ஒரு நகத்துக்கு இவ்வளவு நேரமா?" என்று அதட்டியவள், முராதிடம் கிசுகிசுத்தாள். "அவருக்குத் தெரியாதே?"

"துளிகூடத் தெரியாதும்மா."

அவள் கட்டிலோடு நடந்து போனதும், நர்ஸ் ஸபாஹ் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்:

"அவருக்கு எல்லாம் தெரியும் டாக்டர், கையெழுத்துப் போடும்போதே என்கிட்ட சொன்னாரு. இந்தம்மா தாங்கமாட்டாங்கன்னு, முதன்முதல்ல அவங்ககிட்ட நகம்னு புளுகினதே அவர்தான்!"