அப்பாவுக்கு ஒரு அ, டீச்சருக்கு ஒரு அ

என் மகளை அந்தப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று நான் சபதம் போட்டபோது அவளுக்கு நாலு வயது. எனக்கு முப்பத்தைந்து. வயதைத் தவிர எங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் மழலையர் பள்ளி நடத்தினார். தனியார் பள்ளிதான். ஆனால் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே கட்டிவிடும். நாங்கள் கொடுக்க வேண்டியது சொற்பம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அரசாங்கம் காசு கட்டி எம் பொண்ணு படிக்கணுமா? நாம என்ன கையேந்துறவங்களா?"

"நம்ம தெருவுல ரோடு போட்டதும் அரசாங்கந்தான். அதுல கால் வைக்காம பறந்தா போறீங்க?" என்றாள் என் மனைவி.

"ரோடு வேற, படிப்பு வேற. பள்ளிக்கூடமே போகாம நான் படிச்சுக்கலையா? நானே சொல்லித் தரேன்."

"சரிங்க."

அவள் இருந்த காலம் முழுவதும் 'முடியாது' என்று சொல்லி என்னைத் தோற்கடித்ததே இல்லை. எல்லாம் இந்தச் 'சரிங்க'தான்.

எனக்கு அச்சகத்தில் அச்சுக் கோர்க்கும் வேலை. இரவு ஷிப்ட். விடிந்து வந்து படுத்தால் மத்தியானம் வரை இடி விழுந்தாலும் தெரியாது. சாயங்காலம் பாடம். தேய்ந்த அச்செழுத்துகளை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து மகள் முன் கொட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிலேட்டில் எழுதினாள். ஒரே மாதம். உயிரெழுத்து அத்தனையும் முடிந்தது.

இதை உலகம் பார்க்க வேண்டாமா?

"அந்த டீச்சரைக் கூப்பிடு. மாடி வீட்டு டெய்லரையும் கூப்பிடு. மலிவுச் சரக்குக்கும் நம்ம சரக்குக்கும் வித்தியாசம் தெரியட்டும்."

"சரிங்க."

அப்போதாவது உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். மகள் ஒரு அ எழுதித் தூக்கிக் காட்டினாள். நான் மீசையைத் தடவினேன். டெய்லர் தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார்.

"என்னண்ணே, உள்பக்கத்தை வெளியில வச்சுத் தச்ச சட்டை மாதிரி இருக்கு?"

அச்செழுத்து இடம் வலம் மாறித்தான் இருக்கும். தாளில் பதிந்தால்தான் நேராகும். வருஷக்கணக்கில் அதையே பார்த்த என் கண்ணுக்கு அதுதான் நேர். பன்னிரண்டு எழுத்தையும் பிள்ளைக்குத் திருப்பிப் போட்டுப் புகட்டியிருந்தேன். மீசையிலிருந்து கையை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

டீச்சர் மட்டும் அசரவில்லை. "கண்ணு, இப்ப எனக்கு எழுதிக் காட்டு."

மகள் சிலேட்டைத் துடைத்து எழுதினாள். நேரான, முத்தான அ.

"இது எப்படி?" என்றேன்.

"நீங்க தூங்குற நேரத்துல ஒரு மாசமா அங்கதான் போறா" என்றாள் என் மனைவி, டெய்லருக்கு டீ நீட்டியபடி. "உங்க தூக்கம் கெடக் கூடாதுன்னு செருப்பைக்கூடக் கையில எடுத்துட்டுப் போயி வாசல்லதான் போடுவா."

"அப்ப எனக்கு மட்டும் ஏம்மா திருப்பி எழுதுனே?" என்று மகளைக் கேட்டேன்.

"அப்பாவுக்கு அவ்வளவுதான் தெரியும், பாவம், அவர் மாதிரியே எழுதிக் காட்டுன்னு அம்மா சொன்னாங்க."

திங்கட்கிழமையிலிருந்து அவளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டது நான்தான். அரசாங்கம் போட்ட ரோட்டில், நடந்தே.