நாலு பாதுஷாவும் ஒரு பாலிஸியும்

ஜட்கா வண்டிக்காரன் ஷரஃபுதீனின் குதிரை பங்குனி வெயிலில் லஸ் முனையில் சுருண்டு விழுந்து செத்த நாளிலிருந்து குலாம் ரசூலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குதிரை போனதும் ஷரஃபுதீன் ஜட்காவை விறகு விலைக்குத் தள்ளிவிட்டு ரிக்‌ஷா இழுக்கப் போய்விட்டான். நேற்றுவரை குதிரையை விரட்டினவனை இன்று சவாரிக்காரர்கள் விரட்டினார்கள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீடு திரும்பிய குலாம் ரசூல் சோற்றில் கை வைத்தான். எழுந்தான். லாயத்துக்குப் போய் நாலு குதிரையும் நின்றுகொண்டுதான் இருக்கின்றனவா என்று எண்ணினான். வந்து உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"இன்னாங்க, சாப்பிடுறீங்களா, ரோந்து சுத்துறீங்களா?" என்றாள் அவன் மனைவி அன்வரி பேகம்.

"செத்துகித்துப் போச்சுன்னா இன்னா பண்றது அன்வரி?"

"எது?"

"எதுவோ ஒண்ணு. நாலு கீதே."

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. வீட்டை ஒட்டி லாயம். நாலு மட்டக் குதிரைகள், இரண்டு ஜட்காக்கள். ஒன்றை அவனே ஓட்டினான், இன்னொன்றைக் கூலிக்கு ஆள் வைத்து ஓட்டினான். குதிரைகளில் பாதுஷாவுக்கு வயது ஐந்து. எழும்பூர் ஸ்டேஷனுக்கு ரயிலை முந்திக்கொண்டு போய்ச் சேரும். மோத்தியும் ஷேருவும் நடுத்தரம். நாலாவது நவாப், கிழம். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும், லஸ்ஸைத் தாண்டச் சொன்னால் நடுரோட்டில் நின்று யோசிக்கும்.

மறுநாளே இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் கோதண்டபாணி வந்து சேர்ந்தார். குதிரை செத்த பேட்டைக்குக் கழுகுக்கு முன்னால் வந்துவிடுகிற மனிதர்.

"பாய், நாலையும் சேர்த்து எழுதினா ரொம்ப சல்லிசு. முதல் குதிரைக்குத்தான் முழு பிரீமியம். மத்ததுக்கெல்லாம் பாதி. பல குதிரை வச்சிருக்கவங்களுக்குன்னே கம்பெனி போட்ட திட்டம்."

"ஒண்ணை மட்டும் எழுதினா இன்னும் சல்லிசாச்சே?"

"அது முடியாது பாய். ஒருத்தருக்கு நாலு இருந்தா நாலையும் எழுதணும். இல்லேன்னா எது செத்தாலும் எழுதின குதிரைதான் செத்துதுன்னு சொல்லிடறாங்க. ஒரே ஒரு குதிரை இருக்கிறவர்தான் ஒண்ணை எழுதலாம்."

எது செத்தாலும் எழுதின குதிரைதான் என்று சொல்லலாம் என்பது அதுவரை குலாம் ரசூலுக்குத் தோன்றியதே இல்லை. கேட்காமலே சொல்லிக் கொடுத்த கோதண்டபாணி மீது அவனுக்குப் பெரிய மரியாதை உண்டாயிற்று.

"நாலையும் எழுதிக்கோங்க ஸார்" என்றது கோணித் திரைக்குப் பின்னாலிருந்து அன்வரியின் குரல்.

"நீ சும்மா இரு. குதிரை உன்னுதா, என்னுதா?"

குலாம் ரசூல் ஏஜெண்டிடம் திரும்பி, "அடுத்த வாரம் வாங்க ஸார். யோசிச்சு வைக்கிறேன்" என்றான்.

யோசிக்க ஒரு வாரம் தேவைப்படவில்லை. அன்று சாயங்காலமே திட்டம் தயார்.

"நாலுக்கும் ஒரே பேரு, ஒரே நெறம். ஒண்ணை எழுதுவோம். எது செத்தாலும் செத்தது பாதுஷா."

"ஒரு ஊருக்கு நாலு பாதுஷாவா?"

"கம்பெனிக்கு ஒண்ணுதான் தெரியும்."

"பொய் சொல்லி எழுதினது நாளைக்கு எதுல போய் முடியுமோ. நாலையும் ஒயுங்கா எழுதிடுங்க. நிம்மதியாத் தூங்கலாம்."

"கம்பெனி சமாச்சாரம் உனக்கு இன்னா தெரியும்? போய் கொள்ளு ஊற வை."

நாலும் செம்பழுப்புதான். ஆனால் மோத்திக்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டு, ஷேருவுக்கு ஒரு கால் வெள்ளை, நவாபுக்கு மூக்கு நெடுக வெள்ளை. பாதுஷா மட்டும் சுத்தச் செம்பழுப்பு. குலாம் ரசூல் பஜாரில் இருந்த மருதாணியையெல்லாம் வாங்கி வந்து அரைத்து மூன்று குதிரைகளுக்கும் பூசினான். மோத்தி நக்கிப் பார்த்தது. நவாப் கடித்துப் பார்த்தது. இரண்டு நாளில் வெள்ளையெல்லாம் சிவந்துவிட்டது. அவன் கைகளும் முழங்கை வரை சிவந்துவிட்டன.

"யாருக்கு நிக்காஹ்?" என்று கேட்டாள் அன்வரி.

அடுத்த வாரம் கோதண்டபாணி குதிரை டாக்டர் முருகையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் வெளியே தனியாகக் கட்டியிருந்த பாதுஷாவின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், மார்பில் காதை வைத்துக் கேட்டார், காலைத் தூக்கித் தட்டினார். "அருமையான குதிரை" என்று எழுதிக்கொண்டார். குலாம் ரசூல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிமாறி நின்றுகொண்டிருந்தான். டாக்டர் போய்விட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவரோ லாயத்தின் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் மூணு நிக்குதே. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"ஒரே தாய்க்குப் பொறந்ததுங்க ஸார்."

"கடைசியில நிக்கிறது தாயைவிட வயசானதா இருக்கும் போலிருக்கே?"

கோதண்டபாணிக்கு வேறு கவலை. "என்ன பாய் இது? நாலு இருந்தா நாலையும் எழுதணும்னு சொன்னேனே?"

"ஒண்ணுதான் ஸார் என்னுது. மத்த மூணும் என் பீவியோடது."

"அவங்களுக்கு ஏது குதிரை?"

குலாம் ரசூல் திரையைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், குதிரையைப் பார்த்தான். குதிரை உதவவில்லை. அப்போதுதான் அந்த யோசனை மின்னலாக வந்தது.

"மஹர் ஸார். நிக்காஹ் அன்னிக்குப் பொண்ணுக்குத் தரேன்னு மாப்பிள்ளை ஒத்துக்கிற தொகை. கையில காசு இல்ல. அதுக்குப் பதிலா மூணு குதிரையாக் கொடுத்துட்டேன்."

நிக்காஹ் ஆகிப் பதினோரு வருஷம். அந்தத் தொகையைப் பற்றி அவன் வாயைத் திறந்தது அன்றுதான் முதல் தடவை.

"அப்படின்னா சரி. அதையும் எழுதிடறேன். நாளைக்கு ஆபீஸ்ல கேப்பாங்க" என்றார் கோதண்டபாணி. அவர் எழுதினார். குலாம் ரசூல் சிவந்த கட்டைவிரலை மசியில் தோய்த்துக் கைநாட்டு வைத்தான். ஏஜெண்டும் டாக்டரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

"ஸார், அதுல எனக்கு ஒரு நகல் குடுப்பீங்களா?" என்றது திரை.

"தாராளமாம்மா."

என்னமாய்ச் சமயத்துக்கு ஒத்து ஊதுகிறாள் என்று குலாம் ரசூலுக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று. அன்று அவன் வயிறு நிறையச் சாப்பிட்டான். ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை பாதுஷாவை வண்டியில் பூட்டப் போனான்.

"அதை வுடுங்க. அது என்னுது" என்றாள் அன்வரி. கையில் நகல்.

"வெளையாடாதே. மாம்பலத்து வக்கீல் கோர்ட்டுக்குப் போகக் காத்துக்கினு இருப்பாரு."

"மூணு என்னுதுன்னு எழுதிக் கீது. ரெண்டு பேரு சாட்சி. ஜமாத்துல கொண்டுபோய்ப் படிச்சுக் காட்டட்டுமா?"

"அது கம்பெனிக்காகச் சொன்னது அன்வரி."

"பதினோரு வருஷம் எனக்காகச் சொல்லலியே."

குலாம் ரசூல் பாதுஷாவின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "சரி, ஒண்ணாச்சும் என்னுது இல்ல? அதுதான் இந்த பாதுஷா."

"எது?"

"இதுதான்."

"எல்லாம் ஒரே மாதிரியில்ல கீது." அவள் மெதுவாக நடந்துபோய்க் கடைசியில் நின்ற நவாபின் கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். "இதான் உங்க பாதுஷா."

"அடி, இது நவாபு. பச்சைக் கொயந்தைக்குக்கூடத் தெரியும்."

"கோதண்டபாணி ஸாருக்குத் தெரியாது. வாங்க, ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம். மூக்குல வெள்ளை எங்கே போச்சுன்னு கேப்பாரு. கையைக் காட்டுங்க."

அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அழுகை வந்தது. அழுதால் குதிரை திரும்பி வருமா என்று யோசித்தான். வராது என்று தோன்றியதால் நவாபைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான். லஸ் முனையில் நவாப் நின்றது. வக்கீல் பஸ்ஸில் போனார்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது, அதாவது நவாபைத் தவிர மற்றதெல்லாம் ஓடியது. கூலிக்கு ஓட்டிய ஆள் இப்போது அன்வரியிடம் சம்பளம் வாங்கினான். மோத்திக்குப் பொட்டு திரும்பி வந்தது, ஷேருவின் கால் வெளுத்தது. குலாம் ரசூல் மட்டும் பத்து நாளைக்கு ஒரு தரம் நவாபின் மூக்குக்கு மருதாணி பூசிக்கொண்டிருந்தான். மூக்கு வெளுத்தால் பாலிஸி போய்விடும், பாலிஸியை விட்டால் அவனிடம் வேறு சொத்து இல்லை.

ஒரு மாதம் கழித்துக் கோதண்டபாணி மறுபடி வந்தார். அவன் கூப்பிடவில்லை. அன்வரி ஆள் அனுப்பியிருந்தாள். லாயத்து ஓரத்தில் தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த குலாம் ரசூல் காதைத் தீட்டிக்கொண்டான்.

"மூணையும் சேர்த்து எழுதிக்கோங்க ஸார். முதல் குதிரைக்கு முழுசு, மத்ததுக்குப் பாதின்னீங்களே, அந்தத் திட்டம். பொட்டு, காலு வெள்ளை, எல்லா அடையாளமும் உள்ளபடி எழுதுங்க."

"ரொம்ப சந்தோஷம்மா." கோதண்டபாணி லாயத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாரத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். "உடைமையாளர்?"

"அன்வரி பேகம்."

"ஓட்டுறவங்க பேரு? ரெண்டு இடம் இருக்கு."

அன்வரி கூலி ஆளின் பெயரைச் சொன்னாள். குலாம் ரசூல் தொட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"இன்னொருத்தர் பேரு?" என்றார் கோதண்டபாணி.

"அந்த எடத்தைச் சும்மா வுடுங்க ஸார். இன்னும் முடிவு பண்ணலை. நாலஞ்சு பேரு வந்து கேட்டுக்கினு கீறாங்க."

குலாம் ரசூல் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு, திரைக்கு முன்னால் வந்து நின்றான்.